கூடுதலாக ஒரு வரிசை

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் காலையில் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அதனால் மரவேலை செய்யும் என் கணவர் ஒரு பலகை செய்து சுவரில் மாட்டினார். எழுந்தாச்சு, பல் தேய்ச்சாச்சு, குளிச்சாச்சு, ஷூ போட்டாச்சு என்று ஆளுக்கொரு வரிசையில் நான்கு துளைகள். ஒரு வேலை முடிந்தால் பிள்ளை தன் குச்சியை அடுத்த துளைக்கு மாற்ற வேண்டும். ஆனால் பலகையில் மூன்று வரிசையும் மூன்று குச்சியும் இருந்தன.

"நமக்கு ரெண்டு பேர்தானேங்க?"

"கைப்பழக்கம்மா. எதைச் செஞ்சாலும் ஒண்ணு கூடவே செஞ்சிடறேன்."

மறுநாள் நாங்கள் எழுந்தபோதே மூன்றாவது குச்சி 'பல் தேய்ச்சாச்சு'வில் இருந்தது.

"அது முந்திடுச்சு!" என்று பெரியவள் ஓட, சின்னவனும் பின்னாலேயே ஓடினான். அன்றிலிருந்து தினமும் போட்டிதான். நான் தொண்டை கிழியக் கத்துவது நின்றது. நகர்த்துவது யார் என்று நானும் துருவவில்லை.

இன்று எல்லோரும் தயார். அந்தக் குச்சி மட்டும் 'குளிச்சாச்சு'க்கு வரவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அது வராமல் தானும் வரமாட்டேன் என்று சின்னவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. ஆளில்லாத குளியலறையைப் பார்த்துக் கத்தினேன்.

"விளையாடினது போதும், வெளிய வா கண்ணு!"

உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு குழாயை மூடும் சத்தம் கேட்டது.