நகராத கிடாரி

கிடாரி நின்றுவிட்டது.

சும்மா நிற்கவில்லை. நாலு காலையும் மண்ணில் ஊன்றி, ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வேர் பிடித்துவிடும் போலிருந்தது.

டிரைவர் தலைக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபது பேரையும் ஆறு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்காத வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் திருப்பியவர். ஒருமுறை எதிரே வந்த மேகம் இவர் அடித்த ஹாரனுக்கு ஒதுங்கி வழிவிட்டது என்று சொல்வார்கள். சொன்னது அவர்தான்.

அப்பேர்ப்பட்டவரால் பத்து மாதக் கன்றைப் பத்தடி நகர்த்த முடியவில்லை.

நாளைக்குக் கால்நடைக் கண்காட்சி. நடுவர் முன்னால் கன்று தானாக ஒரு சுற்று நடந்து வரவேண்டும். இழுபட்டு வந்தால் கழித்துவிடுவார்கள்.

மூன்று வருஷமாகக் கோப்பை அவர் மனைவியின் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறது. விருந்துக்குப் போனால் மச்சான் அதில்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். "குடிங்க மாப்பிள்ளை. இப்படியாவது உங்க கைக்கு வரட்டும்."

நாற்பது நாளாக இதே கூத்து. இழுத்து இழுத்து டிரைவரின் வலது கை ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. சட்டைக்கை சாட்சி.

"நட தாயே! உன் கால்ல வேணா விழறேன்!"

நேற்றே விழுந்தாயிற்று.

கிடாரி அசை போட்டது.

கை ஓய்ந்துபோய், வழக்கம்போல் கயிற்றைத் தளர்த்தினார். மடியிலிருந்து ஒரு பிடி பிண்ணாக்கை எடுத்துக் கெஞ்சலாக நீட்டினார். தின்றது. நின்றது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி கடைசிச் சட்டையை உதறிப் போட்டுவிட்டு வந்தாள். "குடுங்க இப்படி."

கொடுத்தார். எறிந்தார் என்பதே சரி.

அவள் இழுக்கவில்லை. கன்றின் தோளோரம் நின்று, கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி எங்கேயோ பார்த்தாள்.

கிடாரி ஒரு காலை எடுத்து வைத்தது. உடனே கயிற்றைத் தளர்த்தினாள். மறுபடி இறுக்கினாள். நாலாவது தடவை இரண்டு பேரும் கடைக்குக் கிளம்பியவர்கள் மாதிரி ஜோடியாக நடந்தார்கள்.

"நின்னதும் கயிறைத் தளத்தித் தீனி குடுத்தீங்க. நிக்கறதுதான் வேலைன்னு கத்துக்கிச்சு. நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க."

டிரைவர் மடியில் மிச்சமிருந்த பிண்ணாக்கைப் பார்த்தார். "நாப்பது நாளா பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"நீங்க கேக்கலையே."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

அவள் கன்றைத் திருப்பினாள். "வருஷா வருஷம் அண்ணிக்கு முதுகுவலி, ஒத்தாசைக்குப் போறேன்னு ஒரு மாசம் போய் இருந்தேனே."

"ஆமா."

"அண்ணி முதுகு நல்லாத்தான் இருக்கு."

டிரைவர் பக்கத்திலிருந்த கல்லில் மெல்ல உட்கார்ந்தார். "இந்த வருஷம் கூப்பிடலையா?"

"அண்ணன் ரெண்டு தடவை ஆள் விட்டாரு. நான்தான் போகலை."

கிடாரியின் காதுமடலைச் சொறிந்துகொடுத்தாள்.

"இந்நேரம் அங்கயும் ஒண்ணு நட்ட கல்லா நின்னுக்கிட்டிருக்கும்."