ஏழு ஸ்கிரீன்ஷாட்டுகள்

பத்தொன்பதாவது நிமிடம், நாற்பத்திரண்டாவது நொடி. படத்தை நிறுத்தினேன்.

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

நான்கு மணிக்கு அத்தானுக்கு விசாரணை. இப்போது மூன்று இருபது.

அத்தான் ஒரு ஸ்டூடியோவில் பழைய படங்களின் ஃபிலிமைத் துடைத்து, கீறல் நீக்கி, ப்ளூ-ரே டிஸ்க்குக்குத் தயார்செய்கிறவர். இந்த ஒரு படத்துக்கு மட்டும் பதினோரு மாதம் உழைத்தார். பத்து நாளைக்கு முன் டிஸ்க் கடைக்கு வந்தது. மறுநாளே, 'கழுகுக்கண்' என்ற பெயரில் எழுதும் ஒருவன் இணையத்தில் ஏழு ஸ்கிரீன்ஷாட்டுகளைப் போட்டான். ஏழிலும் முகங்கள் மெழுகுபோல் வழுவழுவென்றிருந்தன. தூசியைத் துடைக்கச் சொன்னால் முகத்தையே துடைத்துவிட்டார்கள் என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரியை ஊரே பகிர்ந்தது. எங்களுக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். கழுகுக்கண் சொன்ன பிறகு அதை யார் கேட்பது.

அத்தான் ஸ்டூடியோவில் டிஸ்க்கைப் போட்டுக் காட்டினார். ஒரு குறையும் இல்லை. உங்கள் மெஷினில் நன்றாகத்தான் தெரியும், வாங்கினவன் வீட்டில் எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள் படத்தின் உரிமையாளர்கள். இன்று அதற்குப் பதில் இல்லையென்றால் அவருக்கு அங்கே வேலை இல்லை.

அதனால்தான் அக்கா கடையில் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்திருந்தாள். ப்ளூ-ரே ஓடும் கம்ப்யூட்டர் எங்கள் குடும்பத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று அத்தான் எத்தனையோ தரம் கிண்டல் செய்த கம்ப்யூட்டர்.

கழுகுக்கண் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நிமிடம், நொடி, ஃபிரேம் எண் எல்லாம் போட்டிருந்தான். அந்த விஷயத்தில் ஆள் கெட்டி. அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டி அதே ஃபிரேமுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு தட்டு கூடிப்போனால் நாயகன் கண்ணை மூடிவிடுவான்.

சேமித்தேன். திறந்தேன். முழு அளவுக்குப் பெரிதாக்கினேன்.

மெழுகு.

நாயகனின் மூன்று நாள் தாடி, கன்னத்தில் கரியைத் தேய்த்த மாதிரி இருந்தது.

"அப்ப அவன் போட்டது நிஜந்தானா?"

அக்காவின் குரல் உள்ளே போய்விட்டது. எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி அடுத்த கணமே கலைந்தது. இந்த வழுவழுப்பை நான் இதே திரையில் பார்த்திருக்கிறேன். அக்காவின் கல்யாண வீடியோவில்.

போன மாதம் அவர்களுடைய கல்யாண நாளுக்கு அந்தப் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியெடுத்து இங்கேதான் ஓட்டினேன். படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக இருந்ததால், படம் ஓட்டும் பிளேயர் மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய் 'படத்தை மென்மையாக்கு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். எல்லாரும் பத்து வயது குறைந்துவிட்டார்கள். பரவாயில்லையே மச்சான் என்று அத்தான்கூட அன்றைக்கு என்னைப் பாராட்டினார்.

அமைப்புகளைத் திறந்தேன். டிக் அப்படியே இருந்தது.

அதை எடுத்துவிட்டு, அதே ஃபிரேமை மறுபடி சேமித்தேன்.

தாடி முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நெற்றியில் வியர்வை, மூக்கோரம் ஒரு பழைய அம்மைத் தழும்பு, எல்லாவற்றின் மேலும் ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகள். அத்தானின் பதினோரு மாதமும் சேதாரமில்லாமல் இருந்தது.

அக்கா சிரித்தாள், உடனே அழுதாள். அந்தப் பாவியும் இப்படித்தான் எதையோ எடுக்க மறந்திருப்பான், ஊரான் குறையெல்லாம் தெரிகிறவனுக்குத் தன் முதுகு தெரியவில்லை பார் என்றாள். அவன் கண் அவிந்துபோக என்றாள். நான் மீதி ஆறையும் எடுத்து, ஏழையும் அத்தானுக்கு அனுப்பினேன்.

மூன்று நாற்பதுக்கு அவர் ஃபோன் செய்தார். படங்களை விசாரணைக்கு வந்திருந்த உரிமையாளர்களிடம் காட்டினாராம். மச்சான் வீட்டில் எடுத்த படத்தை யார் நம்புவார்கள் என்று சிரித்தார்களாம்.

அக்கா ஃபோனை மேஜைமேல் வைத்தாள். அவள் கை என் தோளுக்கு வந்தது.

"அந்தக் கழுகுக்கண்ணே தப்புன்னு சொன்னாத்தான் உண்டு. நீ எழுதிக் கேளுடா தம்பி. உன்னை மாதிரி ஆளுதானே அவனும், மனசு இரங்க மாட்டானா?"

மூன்று நாற்பத்தைந்து.

அந்தத் தளத்தைத் திறந்தேன். அக்கா படியேறி வரும் சத்தம் கேட்டதுமே அவசரமாக அதிலிருந்து வெளியேறியிருந்தேன். அதனால் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி கேட்டது.

அவள் இன்னொரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நோக்கிக் குனிந்தாள்.

பெயர் கேட்ட கட்டத்தில் 'க' அடித்தேன். அடுத்து 'ழு'. அடுத்து 'கு'.

தோளில் இருந்த கை இன்னும் அங்கேயே இருந்தது. அவள் படித்து முடிக்கவில்லை.