வாய்க்குள் போகும் காற்று

"விண்ட்ஷீல்டை நாலு விரல் ஏத்திடுப்பா. வேகம் எடுத்தா காத்து நேரா வாய்க்குள்ள போகுது."

ஓய்வுபெற்ற உயரதிகாரி அவர்; பைக் பட்டறையிலும் மீட்டிங் நடத்தும் தோரணையில் நின்றார். மனைவி ஓரத்து ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டுக்கலாமே சார்?" என்றார் மெக்கானிக்.

"இறக்கினா நான் பேசுறது எப்படிக் கேட்கும்? இது சரியாகலைன்னா நாளைக்கு மலைப் பயணம் ரத்து."

மனைவியின் டீ பாதியில் நின்றது. இந்தப் பயணத்துக்காக அவள் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

"அப்ப ஏறி உட்காருங்க சார், உயரம் பார்ப்போம்."

அவர் கம்பீரமாக ஏறி, பின் சீட்டில் உட்கார்ந்தார். மனைவி டம்ளரை வைத்துவிட்டு வந்து, முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். அவள் தலைக்கு மேலே அவர் முகம் முழுசாகத் தெரிந்தது.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஓட்டுற அம்மாவுக்கு உயரம் சரியாத்தான் இருக்கு. நீங்க வாயை மூடிக்கிட்டு வந்தா போதும் சார்."

"மூடிக்கிட்டா, வளைவு வருது, பிரேக் போடுன்னு இவளுக்கு யாரு சொல்றது?"

"ஏத்தியே விடுங்க தம்பி," என்றாள் மனைவி. "இவர் வாய் ஓய்ஞ்சா எனக்குத் தூக்கம் வந்துடும்."