கழுத்துப் பொத்தான்

"கழுத்துப் பொத்தானையும் போடுங்கப்பா. ஒருத்தன் கழுத்தும் வெளியே தெரியக் கூடாது."

தலைமையாசிரியர் புஷ்தா வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெஞ்சு கொள்ளாமல் வெள்ளை மேலங்கிப் பிள்ளைகள். பார்க்கவே அவருக்கு வயிறு குளிர்ந்தது.

மொராக்கோவின் அந்த மலையடிவார ஊரில் அது ஒன்றுதான் அரசு நடுநிலைப் பள்ளி. கணக்கு வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு ராபாத்துக்குப் போய் இரண்டு வருஷம். வாத்தியார் இல்லையென்று பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகள் இல்லையென்று புது வாத்தியார் வரவில்லை. இன்று வருகிற ஆய்வாளர் முகம் சுளித்தால் முதலுக்கே மோசம், பள்ளிக்கே பூட்டு என்று ஊரில் பேச்சு. புஷ்தா கேட்டதெல்லாம் ஒரே ஒரு கணக்கு வாத்தியார்தான்.

ஆய்வாளர் தஹாமி வந்தார். புதினாத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வகுப்பைப் பார்த்தார்.

"என்ன புஷ்தா, பிள்ளைங்க கழுத்தை இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க?"

"மலைக் காத்துங்க ஐயா. சளி பிடிச்சா லீவு போட்டுடுவாங்க."

தஹாமி பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினார். அத்தனை கைகளும் மேலே போயின. ஒரு பெண் வந்து மளமளவென்று போட்டுவிட்டு, "இதை இன்னொரு வழியிலயும் போடலாம் உஸ்தாத். காட்டவா?" என்றாள்.

"யாரு இவங்களுக்குச் சொல்லித் தர்றது?"

"யாரும் இல்லீங்க. அவங்களாவே படிக்கிறாங்க. ஒரு வாத்தியார் மட்டும் கிடைச்சா எங்கேயோ போயிடுவாங்க," என்றார் புஷ்தா, மீசைக்குள் சிரித்தபடி.

வெளியே வந்ததும் தஹாமி அவர் தோளில் கை போட்டார்.

"உண்மையைச் சொல்லிடறேன். மாவட்டத்துக்கு வந்திருக்கிறது ஒரே ஒரு கணக்கு வாத்தியார். உங்க ஸ்கூல்ல பிள்ளைங்க குறைஞ்சுட்டாங்க, இருக்கிறதும் கணக்குல தத்தளிக்குதுன்னு கேள்விப்பட்டு, அவரை உங்களுக்குத்தான் ஒதுக்கி வச்சிருந்தேன்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா."

"பொறுங்க. கேட்டது வேற, கண்ணால பார்க்கிறது வேற. வாத்தியார் இல்லாமலே இந்தப் போடு போடுற பிள்ளைங்களுக்கு வாத்தியார் எதுக்கு? மேல மலைக் கிராமத்துக்கு அனுப்பிடறேன். பாவம், அதுங்களுக்குக் கூட்டல்கூட வரலை. நீங்க கொடுத்து வச்சவர்."

புஷ்தா வாயைத் திறந்தார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி மூடிக்கொண்டார். ஆய்வாளரின் கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது.

வாட்ச்மேன் ஹம்மூ மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"ஐயா, உங்க மச்சானோட தனியார் ஸ்கூல் வேன் வந்து நிக்குது. இரவல் கொடுத்த பிள்ளைங்களை டை கசங்காம திருப்பி அனுப்பச் சொன்னார். மைதானத்துக்குப் பின்னால உட்கார வச்சிருக்கிற நம்ம பிள்ளைங்களை உள்ளே விட்டுடவா? கணக்கு சார் எப்ப வர்றார்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."