அவள் பேசவில்லை

இந்தக் காலத்தில் யாரும் நேருக்கு நேர் சண்டை போடுவதில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தே ஆளைச் சாகடிக்கிறார்கள். லேத்துப் பட்டறைக்காரரின் மனைவியும் அப்படித்தான். சமையலில் உப்பில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதற்கு, நேற்றிலிருந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

விஷயம் தெரிந்து மகள் வந்தாள்.

"நீங்களே போய் ஒரு வார்த்தை பேசிடுங்கப்பா."

"நானா? அவதான் இறங்கி வரணும்."

"அம்மா சாப்பிட்டாளா?"

"பக்கத்துல தண்ணி வச்சேன். வாயில ஊத்தி, துண்டுலயே துப்பிட்டா. அவ்வளவு திமிரு."

மகள் உள்ளே போய்த் துண்டை விலக்கினாள். தாடைக்குக் கீழே கழுத்து பலகை மாதிரி இறுகி வீங்கிக் கிடந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்க, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. அம்மா விரலால் கடைவாய்ப் பல்லைக் காட்டினாள்.

"அப்பா, இது கோபமில்ல. வண்டிய எடுங்க."

"பல்வலிக்கா?"

"நீங்க வரலன்னா நானே தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, சீழை எடுத்த பிறகுதான் உயிர் தங்கியது.

"சொத்தைப் பல்லுலேர்ந்து சீழ் கழுத்துக்கு இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள் கண் விழித்தவள், கட்டில் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா? அப்பவே சொன்னேன், கோபம்தான்னு. பல்லாம், சீழாம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவர் வராந்தாவில் இறங்கி நடந்தார்.