ஒட்டவைத்தது யார்?

மகளுக்குக் கல்லீரல் மாற்றியதிலிருந்து வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த முறை வைரஸ் தெரிந்தது.

"எல்லாம் உங்க தங்கச்சி வேலைதான். மாஸ்க்கை இறக்கிட்டுதானே குழந்தையைக் கொஞ்சினா!" என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள் அம்மா.

"அவ கதவைத் தாண்டியே வரலையே..."

"பரிஞ்சுக்கிட்டு வராதீங்க. கண்கொத்திப் பாம்பா பார்த்துட்டுதான் இருந்தேன்."

அறைக்கு வெளியே நின்ற நாத்தனார் காதில் எல்லாம் விழுந்தது.

புதிதாக வந்த டியூட்டி டாக்டர் உள்ளே நுழைந்தார். "பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே பிடிச்சிட்டோம். மருந்துல அடங்கிடும்."

"யாரு ஒட்டவச்சது டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

"வெளியிலேருந்து வரலைம்மா. அநேகமா கல்லீரலோடயே வந்திருக்கு. கொடுத்தவங்க உடம்புல, அவங்களுக்கே தெரியாம ரொம்ப நாளா தூங்கிட்டிருந்திருக்கும். ஆமா, கொடுத்தது யாரு?"

அம்மாவின் கை தன் வயிற்றுத் தையல்மேல் போய் நின்றது.

எழுந்து வெளியே போனவள், நாத்தனாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"உள்ள போங்க அண்ணி. பாப்பா தேடுவா."

"நீ போ" என்றாள் அம்மா, மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு.