மழைக்கு முந்தைய மௌனம்

“சார், அந்த இடத்துல பேசாம நின்னீங்க பாருங்க, அதுக்கே உங்க கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்!”

ஒப்பனை அறைக் கண்ணாடி முன் நின்று ஒரு வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்த கவிஞருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினார். கதவருகே நீலச் சீருடையில் ஒரு பெண்.

“பயந்துட்டீங்களா? இந்த அரங்கத்து லிப்ட் மெக்கானிக் நான். அதனாலதான் உள்ள விட்டாங்க.”

“எந்த இடத்தைச் சொல்றீங்கம்மா?” கவிஞர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க அண்ணனைப் பத்தின கவிதைதான். ‘நீ வாசலில் நிற்கிறாய் அண்ணா, நான் கதவருகே நிற்கிறேன்’னு சொல்லிட்டு, அப்படியே நின்னுட்டீங்களே! ரொம்ப நேரம் கழிச்சு ‘வெளியே மழை’ன்னு முடிச்சீங்க. ஊரே அந்த வீடியோவைத்தானே பார்க்குது!”

கவிஞர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அந்த மௌனத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். பேட்டிகளில், “விளக்கம் சொல்ல மாட்டேன், பதில் கேட்பவர் மனதில் இருக்கிறது” என்று நழுவிவிடுவார். அதையும் ஆகா ஓகோ என்று எழுதினார்கள்.

“அன்னிக்கு லிப்ட் பெட்டி மேல உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல போன்ல நீங்க. திடீர்னு சத்தத்தையே காணோம். சிக்னல் போச்சுன்னு நினைச்சேன். கையெல்லாம் கிரீஸ், போனைத் தொடவும் முடியல. அந்த இருட்டுல என்னை அறியாம, ‘உள்ள வாண்ணா’ன்னு சொல்லிட்டேன் சார். வாய்விட்டு!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

“எங்கம்மா சாகக் கிடந்தப்போ அண்ணன் எனக்குச் சொல்லல. பரீட்சை நேரம், கலங்கிடுவேன்னு மறைச்சுட்டான். அம்மா முகத்தைக்கூட நான் கடைசியா பார்க்கல. அதுக்கப்புறம் அவன் முகத்துலயே முழிக்கல. அன்னிக்குக் கீழ இறங்கி, கையைத் துடைச்ச கையோட அவனுக்குப் போன் போட்டேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“எங்க பேசுனான்? ஓன்னு அழுதான். இன்னிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். மூணாவது வரிசை, ஓரத்து சீட்டு. நேர்லதான் கேக்கணும்னு வீடியோவைக் கண்ணுல காட்டாம வச்சிருக்கேன். அந்தக் கவிதையைச் சொல்வீங்கதானே?”

“சொல்றேன். ஆனா... கொஞ்சம் மாத்திச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“ஐயோ, கைவச்சுடாதீங்க சார்! அந்த மௌனத்துலதான நீங்க கதவைத் திறக்கறீங்க? நிஜமாவே மன்னிச்சுட்டேன்டான்னு நான் எத்தனை தடவை சொன்னாலும் அவன் நம்ப மாட்டேங்கறான். அதைக் கேட்டா நம்பிடுவான்.”

கவிஞர் பாட்டிலின் மூடியைத் திறந்தார்.

“உங்க அண்ணனும் வந்திருக்காரா சார்?”

தண்ணீரைக் குடித்து முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆனது.

“இல்லம்மா.”

மணி அடித்தது. அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓடினாள்.

மேடையில் ஒற்றை விளக்கு. இரண்டு கவிதைகளுக்குப் பிறகு கவிஞர் அதை ஆரம்பித்தார். வரி வரியாகக் கோபம் ஏறியது. பிறகு குரல் தணிந்தது.

“நீ வாசலில் நிற்கிறாய் அண்ணா. நான் கதவருகே நிற்கிறேன்.”

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒருவர் தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கவிஞர் அதைப் பார்த்தார். தன் கவிதையைத் தன்னைவிட நன்றாகக் கேட்டிருந்த அந்தப் பெண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு நன்றி பொங்கியது.

வீடியோ எடுத்த அன்று பாதியில் மறந்துபோய் அவரைத் திருதிருவென்று விழிக்க வைத்த வரி, இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடி முன் உருப்போட்ட அந்த வரி, இப்போது நாக்கின் நுனியில் தயாராக நின்றது: ‘இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டேன்.’

அதை அப்படியே விழுங்கிவிட்டு, “வெளியே மழை” என்றார்.